கியர் பாக்ஸ் போச்சு என்றான் தம்பி

போன வாரம் நாம் டீச்சரை விட்டுவிட்டு வந்தபோது, அவள் தம்பியின் பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் உட்கார்ந்திருந்தாள். பாவம், ஒரு வாரமாக அவளை அப்படியே உட்கார வைத்துவிட்டோம். இப்போது எழுப்பிவிடலாம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். அவளுடைய மஞ்சள் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டுக் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவரைப் பறிகொடுத்துவிட்டு, ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது, அந்த இரண்டாவது பெடல்களைத் தம்பிதான் தன் கையால் பொருத்திக் கொடுத்தான். "ஓட்டத் தெரியுமில்ல உனக்கு? அப்போ சொல்லிக் குடு" என்றான். அன்றிலிருந்து அதுதான் சோறு.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அந்தக் காருக்கு வைத்த பேர் பொறுமைசாலி. எத்தனை மிதி, எத்தனை குலுக்கல், எத்தனை தடவை நடுரோட்டில் அணைந்துபோகும் அவமானம்! எல்லாவற்றையும் தாங்கிய அந்தப் பொறுமைசாலிதான் பத்து நாளாக உறுமத் தொடங்கியிருந்தது.

"கியர் பாக்ஸ் போச்சு அக்கா. முழுசா இறக்கிட்டு வேற போடணும். கூலியை விடு, எனக்கு வேண்டாம். சாமானுக்குத்தான் ஆகும்" என்று தம்பி சொன்னான். சாமானுக்கு அவன் சொன்ன தொகையை டீச்சர் மூன்று மாதம் வாய்கட்டி வயிறுகட்டித்தான் சேர்க்க முடியும்.

இதோடு போன வாரம் முடிந்தது.

மறுநாள் காலை மகள் வந்து நின்றாள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனவள். மாப்பிள்ளை சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னாலேயே கட்டிலும் பீரோவுமாக ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். இறக்கிவிட்டு மத்தியானத்துக்குமேல் கீழே கிளம்புவார். தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மகள் அம்மாவிடம் வந்துவிட்டாள். வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அம்மா, ஒரு டாக்டர் உன் வயித்தைக் கிழிக்கணும்னு சொன்னா உடனே போய்ப் படுத்துடுவியா? இன்னொருத்தர்கிட்ட காட்டுவியா, மாட்டியா?"

"அவன் டாக்டர் இல்லடி. என் தம்பி."

"அதான் எனக்குப் பயமே."

"என்னடி பயம்?"

"மருந்துக்கடைக்காரர் வண்டிக்கு இன்ஜினையே இறக்கணும்னு சொன்னாராம் மாமா. வேற பட்டறையில ஒரு பெல்ட்டை மாத்தி அனுப்பிட்டாங்க. மாடி வீட்டு வக்கீல் வண்டிக்கு ஸ்டீயரிங்கை மொத்தமா மாத்தணும்னாராம். அதுவும் இல்லையாம். மூணு பேர் என் காதுபடச் சொல்லிட்டாங்கம்மா. மாமா முன்ன மாதிரி இல்ல."

"வாயைக் கழுவு. உன்னைத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்சவன் அவன்."

"அதை நான் மறந்தேனா? அதனாலதாம்மா வயிறு எரியுது."

நேற்று டீச்சர் தன் கண்ணால் பார்த்தாள். தம்பி நீளமான திருப்புளியின் முனையைக் கியர் பாக்ஸ்மேல் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்து அழுத்தினான். அது அவன் பழைய வழக்கம். வேலை கற்ற நாளிலிருந்து இரும்புக்குள் நடப்பதை அப்படித்தான் கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பாமல் வேறு எதை நம்புவது?

ஆனால் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொன்னால் பொறாமை என்று தள்ளலாம். மூன்று பேரை எங்கே தள்ளுவது?

"டயருக்குக் காத்தடிச்சுட்டு வரேன்" என்று சாவியை எடுத்தாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கே, ஊர்க்கோடியிலயா காத்தடிக்கப் போறே?"

"ஆமாண்டி. அங்கே காத்து நல்லா இருக்காம்."

*

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஊரின் அந்தக் கோடிக்கே போனாள். திருடப் போகிறவளைப்போல முக்குக்கு முக்கு திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கூடப் பிறந்தவன் சொன்னதை இன்னொருவரிடம் காட்டி நிஜமா பொய்யா என்று கேட்கப் போகிறோமே என்று உள்ளுக்குள் அரித்தது.

ஒன்று மட்டும் வழியிலேயே அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. என்றைக்கும் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் இன்று ஓட்டுகிற இடத்தில் இருந்தாள். அந்த உறுமல் இப்போது அவள் காலடியில் இல்லை. அங்கே, அவள் தினமும் உட்காரும் பக்கத்துக்குக் கீழே இருந்தது.

அந்தப் பட்டறையை நடத்தியவள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் கிரீஸ். ஒயர் சுற்றுகிற கறுப்பு டேப்பால் தலைமுடியைக் கட்டியிருந்தாள். பெடல்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டிரைவிங் ஸ்கூல் வண்டியா! நாங்க எவ்வளவு பாடுபட்டு சரி பண்ணினாலும் கெடுத்துக் கொண்டுவர்றது உங்க ஆளுங்கதான் மா."

"என்கிட்ட ஒரு தையல்காரர் கத்துக்கறார். தையல் மெஷினை மிதிக்கிற மாதிரியே ஆக்சிலேட்டரை மிதிப்பார்."

"துணி கிழியாம இருந்தா சரி. வாங்க, நீங்க ஓட்டுங்க. நான் கேக்கறேன்."

அகலமான ரோட்டில் வேகம் பிடித்ததும் அந்தப் பெண் கையைக் காட்டினாள். "இப்போ நியூட்ரல் போடுங்க."

டீச்சர் போட்டாள். வண்டி தானாக உருண்டது. உறுமல் நிற்கவில்லை.

"கியரையே விட்டுட்டோம். இன்னும் உறுமுது பார்த்தீங்களா? இப்போ மெதுவா வலது கைப்பக்கம் வளைங்க."

உறுமல் கனத்தது.

"எதிர்ப்பக்கம்."

குறைந்தது.

தினமும் இருபது பேருக்கு வண்டியைச் சொல்லிக்கொடுக்கிறவள் டீச்சர். இந்தச் சின்னச் சோதனை தனக்குத் தோன்றவில்லையே! ஏன் தோன்ற வேண்டும்? தம்பி சொல்லிவிட்டானே.

பட்டறைக்குத் திரும்பி வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். அந்தப் பெண் பக்கத்து சீட்டுப் பக்கச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டீச்சரின் உள்ளங்கையைப் பிடித்து உள்ளே இருக்கும் சுருள் கம்பிமேல் வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"மண்ணை அரைக்கிற மாதிரி நறநறன்னு இருக்கு."

"சக்கரத்துப் பேரிங். கியர் பாக்ஸ் உங்களுக்கும் எனக்கும் அப்புறமும் ஓடும். ஒரு நாள் நீங்க சொல்லிக்குடுத்துச் சம்பாதிக்கிற காசுக்குள்ள இந்தச் செலவு முடிஞ்சுடும். கியர் பாக்ஸ்னு யார் சொன்னது?"

டீச்சர் வாயைத் திறந்தாள். "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றாள்.

சொன்ன பிறகு நாக்கு கசந்தது. என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லையே!

"அந்தத் தெரிஞ்சவர்கிட்ட இனிமே போகாதீங்க மா. ஒண்ணு வேலை தெரியாதவர், இல்ல ரொம்பத் தெரிஞ்சவர்" என்று அந்தப் பெண் ஸ்பேனரை எடுத்தாள்.

பேரிங் மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் குடும்பம் இரண்டாகிவிட்டது.

முதலில் மகள் போன் பண்ணினாள். டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியாது. காற்றடிக்கிற பொய்யே அன்றைக்கு அவளுக்கு அதிகம். "சக்கரத்துப் பேரிங்காம்" என்றாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள் மகள்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் டீச்சரின் போன் கிணுகிணுத்தது. குடும்பத்தில் இருக்கிற இருபத்திரண்டு பேரும் சேர்ந்திருக்கிற குழுவில் மகள் எழுதியிருந்தாள்.

'மாமாவிடம் வண்டியை விடுகிற எல்லோருக்கும். ஒரு பேரிங்குக்கு அம்மாவிடம் கியர் பாக்ஸ் விலை சொன்னார். கூடப் பிறந்த அக்காவுக்கே இந்த நியாயம். இனி வேறு இடத்திலும் காட்டிவிட்டு முடிவு பண்ணுங்கள்.'

எழுதிவிட்டாள். இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் பார்த்தும்விட்டார்கள்.

அடுத்ததாகத் தம்பியின் மனைவி போன் பண்ணினாள். அழுகிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அண்ணி, அவர் இன்னும் பார்க்கல. போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டார். இப்பல்லாம் தினமும் அப்படித்தான். நான் என்ன அண்ணி பண்ணுவேன்? ஆறு மாசமா என்கூடப் பேச்சே இல்ல. பக்கத்துல உக்காந்து நான் பேசினா சுவரைப் பார்த்துட்டு இருக்கார். வேற யாராவது... வேற ஏதாவது... எனக்குச் சொல்லவே நாக்கு வரல. நீங்களாவது கேளுங்க."

"நான் கேக்கறேன். நீ முதல்ல முகத்தைக் கழுவு" என்றாள் டீச்சர்.

*

பொறுமைசாலி இப்போது பூனைபோல ஓடியது. அந்த அமைதிதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்திருந்தால்கூட, தம்பி சொன்னது சரியாக இருக்கலாம் என்று பாதி மனசாவது நம்பியிருக்கும்.

பட்டறையில் தம்பி ஒரு காரின் வாய்க்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். வேலி ஓரத்தில் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஆள் இருக்கிற இடத்தில் சத்தம் போடக்கூடாது என்று டீச்சர் அவன் வலது பக்கம் போய் நெருங்கி நின்றாள்.

"தம்பி."

அவன் நிமிரவில்லை.

தெரிந்துவிட்டது போலிருக்கிறது, முகம் பார்க்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"கியர் பாக்ஸ் நல்லா இருக்காம்டா. பேரிங் போயிருந்தது. மாத்திட்டேன்."

ஸ்பேனர் இரண்டு சுற்று சுற்றியது.

"நான் என்ன வெளியாளா? என்கிட்டயே இப்படிப் பண்ணிட்டியே. திருடிட்டியேடா தம்பி."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் மூக்கு ஒழுகின காலத்திலிருந்து எவ்வளவோ திட்டியிருக்கிறாள். இந்த ஒரு சொல்லை அவள் யாரையும் சொன்னதில்லை.

தம்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு சுற்று முடுக்கினான்.

இவ்வளவு நெஞ்சழுத்தமா? அப்போது துணியை எடுக்க அவன் கீழே குனிந்தான். தரையில் அவள் செருப்பு கண்ணில் பட்டது. திடுக்கிட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா! எப்போ வந்தே? பூனை மாதிரி வந்து நிக்கறியே. உக்காரு, டீ சொல்றேன்."

டீச்சர் அந்த முகத்தைப் பார்த்தாள். தொட்டில் காலத்திலிருந்து தெரிந்த முகம். அதற்கு மூடிமறைக்கத் தெரியாது. அந்தச் சொல் விழுந்த தடம் அதில் எங்கேயும் இல்லை.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு அவன் இடது பக்கம் போனாள். அதே குரலில், "டீ வேண்டாம்" என்றாள்.

"அப்போ தண்ணியாவது குடி" என்றான் உடனே.

மறுபடியும் வலது பக்கம் வந்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கையில என்னடா காயம்?"

பதில் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தான்.

டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாமான் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெரிய அறை ஒன்றும் இல்லை. கூரைவரைக்கும் எட்டாத பலகைத் தடுப்பு, நடுவில் ஒரு கதவு.

"எத்தனை நாளாடா இந்தக் காது?"

"எந்தக் காது?"

"டேய்."

அவ்வளவுதான். அந்த ஒரு 'டேய்' போதும். ஐம்பது வயது ஆள் ஒரு நிமிஷத்தில் ஐந்து வயதானான். டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஆறு மாசம். ஒரு நாள் காலையில எழுந்தேன். காதுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி இருந்தது. தண்ணி போயிருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் டாக்டர்கிட்ட போனேன். உடனே வந்திருக்கணும், இனிமே கஷ்டம்னுட்டார்."

"இடது காது?"

"அது நல்லா இருக்கு. நீ நினைக்கிற மாதிரி இல்லக்கா. எல்லாம் கேக்குது. எங்கேர்ந்து கேக்குதுன்னுதான் தெரியல. எந்தச் சத்தமா இருந்தாலும் ஒரே பக்கத்துலேர்ந்து வருது. முன்னால உறுமுதா, பின்னால உறுமுதா, மேலயா, கீழயா, ஒண்ணும் பிடிபடல. முன்னெல்லாம் வண்டி முக்குல திரும்பும்போதே எது கெட்டிருக்குன்னு சொல்லிடுவேன். இப்போ..."

"அதுக்கு? நேத்து திருப்புளியை அந்தக் காதுல வெச்சுக் கேட்டியே, கண்ணை மூடிட்டு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கை பழக்கத்துல போயிடுது. உன் முன்னால மாத்தி வெச்சா ஏன்னு கேப்பே."

"அப்போ எதைக் கேட்டுத் தலையாட்டினே?"

"ஒண்ணும் கேக்கல."

டீச்சருக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமேடா."

"உன் வண்டியில கத்துக்குட்டிங்க ஓட்டறாங்க. சின்னதா ஒண்ணைச் சொல்லி, அது இல்லாம வேற ஏதாவதா இருந்து, நடுரோட்டுல ஏதாவது ஆயிட்டா? பெருசா மாத்திட்டா எல்லாம் புதுசு. தப்பு நடக்காது. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றேன்."

"எல்லாரும் உன்னை என்ன சொல்றாங்க தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா!"

"திருடன்கறாங்க. சொல்லட்டும். வேலை தெரிஞ்சவன் திருடனா இருந்தாலும் வண்டியை விடுவாங்கக்கா. திட்டுவாங்க, பேரம் பேசுவாங்க, விட்டுட்டுத்தான் போவாங்க. செவிடன்கிட்ட எவன் விடுவான்?"

டீச்சர் அவன் எதிரில் போனை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். மகள் எழுதியதை மெதுவாக, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"குழந்தை சரியாத்தானே எழுதியிருக்கா" என்றான்.

"நான் இப்போவே அவளுக்குச் சொல்றேன். எடுக்கச் சொல்றேன்."

"வேண்டாம். நீ உண்மையைச் சொன்னாத்தான் அவ எடுப்பா. அப்போ இருபத்திரண்டு பேருக்கும் தெரிஞ்சுடும். இருபத்திரண்டு பேரும் இருநூறு பேருக்குச் சொல்லுவாங்க. இதுவே இருக்கட்டும்க்கா. எனக்கு இந்தப் பேர் பழகிடுச்சு."

"உன் பொண்டாட்டி அழறாடா. நீ வேற எவளையோ நினைச்சுட்டு இருக்கேன்னு நினைக்கறா."

அதைக் கேட்டதும் அவன் சிரித்துவிட்டான். கண்ணில் தண்ணீரோடு சிரித்தான். "இந்த மூஞ்சிக்கா?"

டீச்சர் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று மனசில் ஓடத் தொடங்கியிருந்தது. பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டில் பிரேக்மேல் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்தவள். எது தப்பாகப் போகும் என்று முன்னாலேயே பார்ப்பதுதான் அவள் வேலை.

"பெருசா மாத்தணும்னு சொன்ன வண்டியெல்லாம் இருக்கட்டும். ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பின வண்டி ஏதாவது இருக்கா?"

தம்பி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

"ஒண்ணு."

"எது?"

"மாப்பிள்ளை வேன். நேத்து சாயங்காலம்."

அறைக்குள் ஒரு ஈ பறந்துகொண்டிருந்தது. அது மட்டும்தான் அசைந்தது.

"பிரேக் பிடிச்சா கீச்சுன்னு ஏதோ உரசுதுன்னு கொண்டுவந்தார். ஓட்டிக் காட்டினார். சத்தம் கேட்டுது. எந்தச் சக்கரம்னு பிடிபடல. முன்னால ஒண்ணைக் கழட்டிப் பார்த்தேன். பிரேக் கட்டை நல்லா இருந்தது. 'இங்கேர்ந்துதானே மாமா வருது?'ன்னு கேட்டார். ஆமான்னேன். தூசி, துடைச்சுட்டேன்னு அனுப்பிட்டேன்."

"மத்த மூணையும்?"

"பார்க்கல. பார்த்தா ஏன்னு கேப்பார். எல்லாத்தையும் மாத்தணும்னு அவர்கிட்டயும் சொன்னா, வெளியில சொல்ற பேரை வீட்டுக்குள்ளயும் சொல்லுவாங்கன்னு... அவர் லோடு ஏத்தப் போறார்னு எனக்குத் தெரியாதுக்கா. மலைக்குப் போறார்னு சொல்லவே இல்ல."

சொல்லியிருப்பார். எந்தப் பக்கம் நின்று சொன்னாரோ!

டீச்சர் மணியைப் பார்த்தாள். இரண்டே கால். கட்டிலையும் பீரோவையும் இறக்கியிருப்பார்கள். அந்த ஊரிலிருந்து கீழே வர ஒரே வழி. பதினெட்டு வளைவு. காலியாக வந்தாலும் வேன் வேன்தான்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டார்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "நான்தான் அவருக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். சாமியே கூப்பிட்டாலும் ஓட்டும்போது எடுக்கக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லி... எடுக்கவே மாட்டார்."

"கூட யார் போயிருக்காங்க?"

"லோடு இறக்கற ஆள். அவர் நம்பர் என் பொண்ணுகிட்டதான் இருக்கும்."

மகளைக் கூப்பிடப் போனாள். தம்பி கையை நீட்டினான்.

"குடு. நான் பேசறேன்."

அவன் போனை இடது காதில் வைத்தான். அமைதியான அறை. பக்கத்தில் நின்ற டீச்சருக்கும் மகள் குரல் கேட்டது.

"சொல்லும்மா."

"நான் மாமா பேசறேன்மா."

"பேச என்ன மாமா இருக்கு?"

"மாப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லு. கூட இருக்கறவருக்குப் போன் போடு. பிரேக்கைப் பார்க்கணும். நாலு சக்கரத்தையும் கழட்டணும்."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை டீச்சரால் கேட்க முடியவில்லை.

"அம்மாகிட்ட நடக்கல, இப்போ அவரா? நேத்து நீங்கதானே தூசின்னு சொன்னீங்க? விடியறதுக்குள்ள நாலு சக்கரமும் கெட்டுப்போச்சா? எவ்வளவு ஆகும், அதையும் சொல்லிடுங்களேன்."

"காசுக்கு இல்லமா, நிஜமாவே..."

"நிஜத்தைத்தான் காலையில பார்த்தோமே."

டீச்சர் போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். தம்பி அவள் கையை ஓரமாகத் தள்ளினான். பலகைத் தடுப்பை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும் என்று தெரிந்துதான் பேசினான். இதுவரைக்கும் அடக்கிப் பேசியவன் இப்போது குரலை அடக்கவில்லை. அவன் சொன்னது ஊருக்கே கேட்கும்படி இருந்தது.

"நான் திருடல. எனக்கு வலது காது செவிடு. ஆறு மாசமாச்சு. சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. உங்கம்மா வண்டியில தெரியல. நேத்து உன் வீட்டுக்காரர் வண்டியிலயும் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். ஒரே ஒரு சக்கரத்தைத்தான் பார்த்தேன். நீ என்னை என்ன வேணா சொல்லு. முதல்ல அவரை நிறுத்து."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

போனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று டீச்சர் நெருங்கினாள். பிறகு மகள் குரல் வந்தது. காலையிலிருந்து பேசிய குரல் இல்லை. ஒன்பது வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்தக் குரல்.

"எந்தச் சக்கரம் மாமா?"

"தெரியலமா" என்றான் தம்பி. "அதான்மா எனக்குத் தெரியல."

"லைன்லயே இருங்க. வைக்காதீங்க. வீட்டுல இருக்கிற இன்னொரு போன்லேர்ந்து போடறேன். வைக்காதீங்க மாமா."

அவள் ஓடுகிற காலடி கேட்டது. டீச்சர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா? எடுத்துட்டாங்களா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற அந்த ஒற்றைக் காதோடு போனை அழுத்திக்கொண்டான்.

"லைன்ல இருக்கா" என்றான். "அவ போட்ட போன்ல மணி அடிச்சுட்டு இருக்கு."